எங்கள் தெரு ரோடு ஏன் நிலைப்பதில்லை? சென்னைச் சாலைப் பராமரிப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் எங்கள் பகுதிக் குடியிருப்போர் நலச் சங்கத்தின் வேலைகளைப் பல வருடமாகப் பார்த்துவருகிறேன். மாதக் கூட்டத்தில் பேச்சு கொசுவில் தொடங்கினாலும் ரோட்டில்தான் போய் நிற்கும். வருகிற சந்தேகங்களும் பெரும்பாலும் அதேதான். மண்டல அலுவலகத்தில் கேட்டது, வேலை நடக்கும் இடத்தில் நின்று பார்த்தது, விதிமுறைகளைப் படித்தது எல்லாவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே வைத்திருக்கிறேன்.

போன வருஷம்தான் தார் போட்டாங்க. அதுக்குள்ள எப்படி குழி விழுது?

தண்ணீரால். வண்டி ஓடி ஓடித் தேய்ந்து குழி விழுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நடப்பது வேறு. முதலில் மேற்பரப்பில் மெல்லிய வெடிப்பு வரும். அதன் வழியாக மழைநீர் இறங்கி, ஜல்லிக்கும் தாருக்கும் இடையே உள்ள பிடிப்பைத் தளர்த்தும். அடியில் இருக்கும் ஜல்லிப் படுகையும் மண்ணும் ஊறும். அதன்மேல் சக்கரம் ஏறும்போது உள்ளே நிற்கும் தண்ணீர் மேலே பீச்சும், வரும்போது நுண்ணிய மண்ணையும் கூட்டிக்கொண்டு வரும். மழை விட்ட மறுநாள் உங்கள் தெருவில் குனிந்து பாருங்கள். வெடிப்பின் ஓரத்தில் காய்ந்த சேறு வெள்ளைக் கோடாகப் படிந்திருந்தால், அடியில் காலியாகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்குக் கொஞ்சம் உருக்கிய தார் ஊற்றி அடைத்தால் போதும். விட்டால் இரண்டு மூன்று மழையில் குழி.

சென்னையின் ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டர். அதில் ஏறக்குறைய 60 சதவீதம் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. அதனால் ரோட்டுக்கு வாட்டம் முக்கியம். நடு மேடாகவும், இரண்டு பக்கமும் மீட்டருக்கு இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் சரிவாகவும் இருக்க வேண்டும். ஓரத்துக்கு வந்த தண்ணீர் உள்ளே இறங்க மழைநீர் வடிகாலின் வாயும் திறந்திருக்க வேண்டும். எங்கள் தெருவில் ஒரு வடிகால் வாய் ரோட்டு மட்டத்தைவிட நான்கு விரற்கடை உயரத்தில் இருந்தது. தண்ணீர் அதற்குள் ஏறிப் போகுமா? அந்த இடத்தில் எத்தனை முறை தார் போட்டாலும் அடுத்த மழைக்குப் பெயர்ந்துவரும். ரோடு ஏன் கெட்டது என்று கேட்பவர்களிடம், முதலில் வடிகால் வாயைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

எங்க ரோடு யாரோடது? கேட்டா ஒவ்வொருத்தரும் இன்னொருத்தரைக் கை காட்டுறாங்க.

சென்னையில் இது நிஜமான குழப்பம். பேருந்து போகும் சாலைகளில் சுமார் 387 கிலோமீட்டரை மாநகராட்சியின் பேருந்து சாலைகள் துறை பார்க்கிறது. 5,000 கிலோமீட்டருக்கு மேலான உட்புறத் தெருக்கள் மண்டல அலுவலகங்களின் கையில் இருக்கின்றன. அண்ணா சாலை, நூறடி ரோடு போன்றவை மாநில நெடுஞ்சாலைத் துறையுடையவை. மெட்ரோ ரயில் இரண்டாம் கட்ட வேலை நடக்கும் இடங்களில் சாலையை மெட்ரோ நிறுவனத்திடம் ஒப்படைத்திருப்பார்கள். வேலை முடியும்வரை குழியை மூடுவதும் அவர்கள் பொறுப்பு.

இன்னொன்றும் இருக்கிறது. 2011-ல் 42 உள்ளாட்சிகளைச் சேர்த்தபோது மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. சேர்ந்த பகுதிகளில் பல தெருக்களுக்கு ஒழுங்கான அடித்தளமோ வடிகாலோ கிடையாது. அண்ணாநகரில் ஒரு தெருவைப் பராமரிப்பதும் அங்கே ஒரு தெருவைப் பராமரிப்பதும் ஒரே வேலை இல்லை.

பராமரிப்புன்னா என்ன? அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை ரோடு போடுறதுதானே?

இல்லை. வெடிப்பை அடைப்பது, சின்னக் குழியை உடனே மூடுவது, வடிகால் வாயில் சேர்ந்த மண்ணை அள்ளுவது, ஓரத்தில் அரிப்பு வந்தால் சரிசெய்வது, இதெல்லாம் பராமரிப்பு. மேலே புதிதாக ஒரு தார்ப் படலம் போடுவது புதுப்பித்தல். அடியோடு பெயர்த்துப் போடுவது மறுகட்டுமானம். செலவு ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் பல மடங்காக ஏறும்.

இது வளரும் நாடுகள் எல்லாவற்றுக்கும் பொதுவான வியாதி. உலக வங்கி 1988-ல் ஒரு ஆய்வறிக்கை வெளியிட்டது. 85 நாடுகளில், அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளில், பராமரிக்காமல் விட்டதால் அழிந்துபோன சாலைகளின் மதிப்பு 4,500 கோடி டாலர். நேரத்தில் பராமரித்திருந்தால் 1,200 கோடி டாலருக்குள் அதைத் தடுத்திருக்கலாம். நம் ஊரில் புது ரோடு போட்டால் கல்வெட்டு உண்டு, பூமி பூஜை உண்டு. வெடிப்பில் தார் ஊற்றிய ஆளை யாரும் போட்டோ எடுப்பதில்லை. பணமும் ஆளும் அப்படித்தான் பிரிகின்றன. சாலை போடும் ஏற்பாடு நம்மிடம் நன்றாகவே இருக்கிறது, பார்த்துக்கொள்ளும் ஏற்பாடுதான் இல்லை. இந்தப் பக்கத்தில் நான் சொல்ல வருவதில் பாதி இதுதான்.

குழியை மூடிட்டுத்தான் போனாங்க. பத்து நாள்ல மறுபடியும் அதே இடத்துல குழி. ஏன்?

மூடிய விதத்தைப் பார்த்தீர்களா? சரியான ஒட்டு வேலைக்கு முறை இருக்கிறது. குழியைச் சுற்றிலும் தளர்ந்த பகுதியைச் சதுரமாகவோ செவ்வகமாகவோ வெட்ட வேண்டும். வெட்டின ஓரம் செங்குத்தாக நிற்க வேண்டும். உள்ளே இருக்கும் தண்ணீர், தூசி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, அடியிலும் ஓரத்திலும் டேக் கோட் என்கிற ஒட்டும் தார் அடிக்க வேண்டும். அப்புறம் சூடான கலவையைக் கொட்டி ரோலரால் அழுத்த வேண்டும். ஆழம் அதிகமென்றால் இரண்டு மூன்று அடுக்காக.

தெருவில் நடப்பது இது: குட்டி யானை வண்டியிலிருந்து கலவையை மண்வெட்டியால் அள்ளிப் போட்டு, மண்வெட்டியின் பின்புறத்தால் நாலு தட்டு தட்டிவிட்டு அடுத்த குழிக்குப் போய்விடுவார்கள். ஓரம் வெட்டவில்லை, தூசி எடுக்கவில்லை, மிச்சத்தைப் போகிற வண்டிகள் அழுத்தட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். அந்தத் தொழிலாளர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்றைக்கு இத்தனை குழி முடிக்க வேண்டும் என்று எண்ணிக்கைதான் அவர்களுக்குக் கொடுக்கப்படுகிறது. கட்டிங் மெஷினும் சின்ன ரோலரும் கூடவே அனுப்பினால் அதே ஆட்கள் நன்றாகச் செய்வார்கள், ஒருமுறை கண்ணால் பார்த்தேன்.

மழை தூறிட்டே இருக்கும்போது தார் போடலாமா?

கூடாது. ஈரப் பரப்பில் தார் ஒட்டாது. சூடும் குறையும். நம் ஊர்ச் சாலைகளுக்கு அதிகம் பயன்படும் விஜி-30 வகைத் தாரில், கலவை விரிக்கும்போது 140 டிகிரிக்குக் குறையாமலும், ரோலர் ஓடும்போது 90 டிகிரிக்குக் குறையாமலும் இருக்க வேண்டும் என்பது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விதி. கலவை தயாராவது ஊருக்கு வெளியே. லாரி போக்குவரத்தில் மாட்டினால், தார்ப்பாய் மூடாமல் வந்தால், தெருவுக்கு வரும்போதே கட்டிதட்டிப் போயிருக்கும். அதை எவ்வளவு உருட்டினாலும் இறுகாது. உள்ளே இடைவெளி நிற்கும், அதில் தண்ணீர் இறங்கும், பிறகு முதல் கேள்வியில் சொன்ன கதைதான்.

மழைக்காலத்தில் உயிருக்கு ஆபத்தான குழியை அப்படியே விடவும் முடியாது. அப்போது வெட் மிக்ஸ் ஜல்லிக் கலவையோ, சூடில்லாமல் போடும் குளிர்க் கலவையோ போட்டு மூடுவார்கள். அது தற்காலிகம். ஜனவரியில் திரும்ப வந்து ஒழுங்காக ஒட்டுப் போட வேண்டும். அந்த ஜனவரி வேலையை நாம்தான் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது.

ரோடு போட்ட மறுநாளே தோண்டுறாங்களே, பேசி வைச்சுக்க மாட்டாங்களா?

எல்லோரையும் எரிச்சல்படுத்தும் கேள்வி இது. ஒரு தெருவுக்கு அடியில் குடிநீர்க் குழாய், பாதாள சாக்கடை, மின்சாரக் கேபிள், இணையக் கேபிள், சில இடங்களில் எரிவாயுக் குழாய் என எல்லாம் போகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு துறை, ஒவ்வொரு துறைக்கும் தனி நிதி, தனிக் காலக்கெடு. தோண்டுபவர்கள் அனுமதி வாங்கி, சாலை வெட்டுக்கான கட்டணத்தையும் கட்டுகிறார்கள். வடகிழக்குப் பருவமழை நெருங்கும்போது மாநகராட்சி சாலை வெட்டை நிறுத்தியும் வைக்கிறது. ஆனால் ஏப்ரலில் தார் போடப்போகும் தெருவில் ஜூனில் குழாய் போடப் போகிறார்கள் என்பதைத் தார் போடுபவரிடம் முன்கூட்டியே சொல்லும் ஏற்பாடு பலவீனமாக இருக்கிறது.

தோண்டுவதைவிட மூடுவதில்தான் பெரிய தவறு நடக்கிறது. எங்கள் தெருவில் ஒரு துறை குழாய் மாற்ற ஆளுயரப் பள்ளம் தோண்டியது. வெளியே அள்ளிப் போட்ட ஈரக் களிமண்ணையே சாயங்காலம் உள்ளே தள்ளி, மேலே ஒரு கூடை ஜல்லி போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். மணலோ ஜல்லித்தூளோ அடுக்கடுக்காகப் போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் தண்ணீர் விட்டு இடித்து இறுக்கியிருக்க வேண்டும். முதல் மழையில் அந்தக் கோடு முழுக்க அரை அடி இறங்கியது. பால் வாங்கப் போன ஒரு பெரியவர் ஸ்கூட்டரோடு விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். அதற்கு மேல் இரண்டு முறை தார் போட்டாயிற்று, இன்னும் அந்த இடத்தில் தெருவின் குறுக்கே ஒரு அலை இருக்கிறது.

பெங்களூரில் டெண்டர்ஷ்யூர் திட்டச் சாலைகளில் நடைபாதைக்கு அடியிலேயே கேபிள்களுக்குக் குழாய்ப் பாதை வைத்துவிட்டார்கள். தேவைப்பட்டால் மூடியைத் திறந்து வேலை பார்க்கலாம். எல்லாச் சின்னத் தெருவுக்கும் இது கட்டுப்படியாகாது. பெரிய சாலைகளுக்குச் செய்தே ஆக வேண்டும்.

ரோடு மேல ரோடு போட்டு எங்க வீடு பள்ளத்துல போயிடுச்சு. இதுக்கு விதி இல்லையா?

இருக்கிறது. பழைய தார்ப் படலத்தை மில்லிங் இயந்திரத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, எடுத்த கனத்துக்கே புதிதாகப் போட வேண்டும். மட்டம் உயரக் கூடாது. 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு இதைக் கட்டாயமாகப் பின்பற்றச் சொல்லித் துறைகளுக்குக் கடிதமே அனுப்பினார். அதன் பிறகு பெரிய சாலைகளில் நிலைமை நன்றாக மாறியிருக்கிறது. குறுகலான தெருக்களில், பெரிய இயந்திரம் நுழையாது என்ற காரணத்தைச் சொல்கிறார்கள். சின்ன இயந்திரமும் இருக்கிறது என்று நாம் சொல்ல வேண்டும். வேலை தொடங்கும் முன்பே உங்கள் வாசற்படியிலிருந்து ரோட்டு மட்டம் வரை டேப் பிடித்து அளந்து, தேதியோடு போட்டோ எடுத்து வையுங்கள். போட்ட பிறகு சண்டை போட்டுப் பலனில்லை.

வண்டி வாங்கும்போதே ரோடு டாக்ஸ் கட்டிடுறோம். அந்தப் பணம் எங்க போகுது?

மோட்டார் வாகன வரி மாநில அரசின் பொதுக் கணக்குக்குப் போகிறது. உங்கள் தெருவுக்கென்று ஒதுக்கி வைக்கப்படுவதில்லை. பெட்ரோல், டீசலோடு வசூலாகும் சாலை மேல்வரி மத்திய அரசின் நிதிக்குப் போகிறது. தெருவைப் பார்க்கும் மாநகராட்சியின் சொந்த வருமானத்தில் பெரியது சொத்து வரி. சென்னையின் பழைய பகுதிகளில் அந்த வரி 1998-ல் உயர்ந்தது. 2018-ல் மறுபடி உயர்த்தி, அடுத்த வருடமே நிறுத்தி வைத்தார்கள். கடைசியில் 2022-ல்தான் நிலைத்தது. இருபத்து நாலு வருடத்தில் ஜல்லி, தார், கூலி எவ்வளவு ஏறியிருக்கும்? வரி ஏற்றியபோது நானும் முணுமுணுத்தேன். ஆனால் இந்தக் கணக்கை மறைக்க முடியாது.

மிச்சம், சிங்காரச் சென்னை 2.0, நகர்ப்புறச் சாலை மேம்பாட்டுத் திட்டம் போன்ற அரசுத் திட்டங்களிலிருந்து வருகிறது. திட்டப் பணத்தில் பெரும்பாலும் ரோடு போடத்தான் முடியும், வெடிப்பை அடைக்க முடியாது. கென்யா 1993-ல் எரிபொருள் மேல்வரியைச் சாலைப் பராமரிப்புக்கென்றே தனி நிதியாக ஒதுக்கியது. 1999-ல் அதை நிர்வகிக்கத் தனி வாரியமும் அமைத்தது. அதனால் நைரோபியில் குழியே இல்லை என்று அர்த்தமில்லை. ஆனால் பராமரிப்புக்கென்று வருடா வருடம் இவ்வளவு பணம் நிச்சயம் என்ற நிலை வந்தது. அந்த நிச்சயம் நம் மாநகராட்சிகளுக்கு இல்லை.

எல்லாம் கமிஷன்தான். இதுல ஆராய்ச்சி பண்ண என்ன இருக்கு?

முறைகேடு இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். கனத்தில் அரை சென்டிமீட்டர் குறைத்தால் ஒரு தெருவில் எவ்வளவு மிஞ்சும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதை மட்டுமே சொன்னால், நேர்மையாகப் போட்ட ரோடும் ஏன் கெடுகிறது என்பதற்குப் பதில் கிடைக்காது. வடிகால், சாலை வெட்டு, மேலே சொன்ன எதையும் கமிஷன் ஒழிந்தால் மட்டும் சரிசெய்துவிட முடியாது.

மேற்பார்வைக்கு வருவோம். தமிழ்நாட்டில் 1998-ன் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டப்படி, தகுதியுள்ளவர்களில் குறைந்த விலை கேட்டவருக்குத்தான் வேலை போகும். அடிமாட்டு விலைக்கு எடுத்தவர் எங்கே மிச்சம் பிடிப்பார் என்று தெரிந்துதான் மேற்பார்வை என்ற ஒன்றை வைத்திருக்கிறார்கள். தெரு விளக்குக் கம்பத்தடியில் குழி, பூங்கா, கட்டடம், வடிகால் என்று அத்தனையையும் பார்க்கும் உதவிப் பொறியாளர், ராத்திரி பதினோரு மணிக்கு மூன்று தெருவில் ஒரே நேரத்தில் தார் போடும்போது எந்தத் தெருவில் நிற்பார்? அவர் நிற்காத தெருவிலும் எம்-புக்கில், அதாவது செய்த வேலையின் அளவைப் பதியும் புத்தகத்தில், அளவு ஏறிவிடும். போட்ட சாலையில் வட்டமாக ஒரு துண்டு வெட்டி எடுத்துக் கனத்தையும் இறுக்கத்தையும் சோதிப்பார்கள். அதை எங்கே வெட்டுவது என்பதை ஒப்பந்ததாரர் தீர்மானிக்காமல் இருந்தாலே பாதித் திருத்தம் வந்துவிடும்.

தண்ணி லாரியாலதான் ரோடு கெடுது, தெருவுக்குள்ள விடக்கூடாதுன்னு சிலர் சொல்றாங்க. சரியா?

பாரம் கெடுக்கும் என்பது உண்மை. அமெரிக்காவில் 1958 முதல் 1960 வரை நடந்த பெரிய சாலைச் சோதனையில் கண்டது இது: அச்சின் பாரம் இரட்டிப்பானால் சேதம் இரண்டு மடங்கு இல்லை, ஏறக்குறைய பதினாறு மடங்கு. 9,000 லிட்டர் லாரியில் தண்ணீர் மட்டுமே ஒன்பது டன். ஒரு நடை லாரி, ஆயிரக்கணக்கான கார்கள் செய்யும் சேதத்தைச் செய்கிறது.

ஆனால் குழாயில் தண்ணீர் வராததால்தான் லாரி வருகிறது. அதை நிறுத்தச் சொல்ல எங்கள் சங்கத்துக்கு மனம் இல்லை. லாரியும் குப்பை வண்டியும் தினம் வரும் தெருவென்றால் அதற்கேற்ற அடித்தளத்தோடு போடுங்கள் என்பதுதான் எங்கள் கோரிக்கை.

பேசாம எல்லாத் தெருவுக்கும் கான்கிரீட் போட்டுட்டா? இல்ல பிளாஸ்டிக் ரோடு?

கான்கிரீட்டைத் தண்ணீர் சீக்கிரம் கெடுக்காது. வடிகால் வசதி குறைந்த குறுகலான சந்துகளுக்கு நல்லது. ஆனால் அடியில் குழாய் உடைந்தால் உடைத்துத் தோண்ட வேண்டும். மூடிய இடம் பழைய பலத்துக்கு வராது. குழாயையும் சாக்கடையையும் முதலில் மாற்றிவிட்டுப் போடுவதென்றால் சரி.

பிளாஸ்டிக் சாலை நம் ஊர்க் கண்டுபிடிப்பு. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் உருவாக்கியது, 2018-ல் பத்மஸ்ரீ பெற்றார். சூடான ஜல்லியின்மேல் பிளாஸ்டிக் துகள் உருகிப் படலமாகப் படியும், அதனால் தண்ணீர் தாரைப் பிரிப்பது குறையும். நுங்கம்பாக்கம் ஜம்புலிங்கம் தெருவில் 2002-லேயே போட்டார்கள். நல்ல முறைதான். ஆனால் வாட்டமில்லாத தெருவை அதுவும் காப்பாற்றாது.

ரோட்டுக்கு கேரண்டி உண்டாமே? யார்கிட்ட கேக்கணும்?

உண்டு. குறைபாடு பொறுப்புக் காலம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும். அந்தக் காலத்துக்குள் ரோடு பெயர்ந்தால் ஒப்பந்ததாரர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். நாம் கேட்காவிட்டால் யாரும் கேட்பதில்லை, அந்தத் தேதியும் நமக்குத் தெரிவதில்லை.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு போடுங்கள். தெருவின் பெயர், வேலை முடிந்த தேதி, மதிப்பீட்டில் உள்ள கனம், பொறுப்புக் காலம் முடியும் தேதி, இவ்வளவு மட்டும் கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். ஒரு சிக்கல்: நடுவில் வேறு துறை தோண்டியிருந்தால், “என் ரோடு கெடவில்லை, அவர்கள் கெடுத்தார்கள்” என்று ஒப்பந்ததாரர் சொல்வார். சாலை வெட்டு நடந்த அன்றே போட்டோ எடுத்து வைப்பது இதற்காகத்தான்.

1913-க்கு போன் பண்ணினேன். வேலை நடக்காமலே ‘முடிந்தது’ன்னு மெசேஜ் வந்துடுச்சு. இனி என்ன?

1913 மாநகராட்சியின் புகார் தொலைபேசி. அப்படி மெசேஜ் வந்தாலும் விடாதீர்கள். அதே புகார் எண்ணைக் குறிப்பிட்டு மறுபடி பதியுங்கள். நம்ம சென்னை செயலியில் போட்டோ ஏற்றுங்கள். நெடுஞ்சாலைத் துறைச் சாலையென்றால் நம்ம சாலை செயலி. “ரோடு மோசம்” என்று எழுதாமல், எந்த வீட்டு எண்ணுக்கு எதிரே, எத்தனை அடி நீளம், எத்தனை அங்குல ஆழம் என்று எழுதினால் வேலை செய்யாமல் புகாரை மூடிவிடுவது கடினம். வார்டுக்குள் அந்தந்தப் பகுதி மக்கள் கூடும் ஏரியா சபைக் கூட்டத்தில் எழுத்தாகக் கொடுத்து, நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள். 2016 முதல் 2022 வரை தேர்ந்தெடுத்த கவுன்சிலரே இல்லாமல் இருந்த ஊர் இது. இப்போது கேட்க ஆள் இருக்கிறார்.

2022-ல் மட்டும் இந்தியாவில் சாலைக் குழிகளால் நடந்த விபத்துகளில் 1,856 பேர் இறந்ததாக அரசுக் கணக்கே சொல்கிறது. ‘முடிந்தது’ என்று மூடப்படும் ஒவ்வொரு புகாரையும் நான் இதை நினைத்துத்தான் மறுபடி திறக்கிறேன்.

பணம் கொஞ்சம்தான் இருக்குன்னா, முதல்ல மோசமான தெருவுக்குப் போடணுமா, ஓரளவு நல்லா இருக்கிற தெருவைக் காப்பாத்தணுமா?

எங்கள் கூட்டத்தில் ஒரு பொறியியல் மாணவி கேட்டது. கணக்குப்படி, ஓரளவு நன்றாக இருக்கும் தெருவை முதலில் காப்பாற்ற வேண்டும். மூன்றாவது கேள்வியில் சொன்னபடி அதுதான் மலிவு. எல்லாப் பணத்தையும் மோசமான தெருக்களில் கொட்டினால், அதற்குள் நல்ல தெருக்கள் மோசமாகிவிடும். ஆனால் மோசமான தெரு எப்போதும் யாருடையது? 2011-ல் சேர்ந்த பகுதிகள், கால்வாய் ஓரம், ஒருமுறைகூட ஒழுங்காகப் போடாத சந்து. கணக்கை மட்டும் பார்த்தால் அவர்கள் முறை வரவே வராது.

என் கருத்து இது. ஒவ்வொரு வார்டிலும் வருடம் முழுக்கச் சின்ன வேலைகளுக்கென்று ஒரு தொகையைத் தனியாக வைத்துவிட வேண்டும், அதில் புது ரோடு போடக் கூடாது. மிச்சப் பணத்தை மோசமான தெருக்களுக்கு, எந்த வரிசையில் என்று பட்டியல் ஒட்டிச் செலவழிக்க வேண்டும். இந்த வருடம் எங்கள் தெரு தார் போடும் பட்டியலில் இருந்தது. வெடிப்பை அடைத்து, அந்த நாலு விரற்கடை வடிகால் வாயை இறக்கிக் கொடுத்தால் எங்களுக்குப் போதும், தாரை ஆம்புலன்ஸ் நுழைய முடியாத பின்தெருவுக்குப் போடுங்கள் என்று எழுதிக் கொடுத்தோம். சங்கத்தில் நாலு பேர் என்னோடு இன்னும் பேசுவதில்லை. வடிகால் வாயை இறக்கிவிட்டார்கள். பின்தெருவில் மில்லிங் முடிந்திருக்கிறது, தார் இன்னும் வரவில்லை.